மரியா மாண்டிசோரி

மரியா மாண்டிசோரி (ஆகஸ்ட் 31, 1870 – மே 6, 1952) இத்தாலி நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் கல்வியாளரும் ஆவார். இளங்குழந்தைகளுக்கான மாண்டிசோரி கல்வி முறையை உருவாக்கியவர். கையால் தொட்டும் கண்ணால் கண்டும் செய்து பழகியும் கற்பதே குழந்தையின் இயல்பு என்பது இம்முறையின் அடிப்படையாகும். இவர் 1939 முதல் 1946 வரை இந்தியாவில் வாழ்ந்தார். அக்காலத்தின் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டில் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழித்தார். வகுப்பறைக் கருவிகளில் தொடங்கிய இவரது முறை, மண்ணையும் செடிகொடிகளையும் பருவங்களையும் பாடமாகக் கொள்ளும் விரிந்த கல்வியாகக் கொடைக்கானலில் வளர்ச்சியடைந்தது.

இளமையும் கல்வியும்

மரியா மாண்டிசோரி இத்தாலியின் அன்கோனா மாகாணத்தில் உள்ள கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ மாண்டிசோரி அரசு நிதித்துறை அலுவலர். தாய் ரெனில்டே ஸ்டொப்பானி நூல்கள் வாசிப்பதில் ஆர்வம் கொண்டவர். குடும்பம் 1875 இல் ரோம் நகரில் குடியேறியது. பெண்கள் பெரும்பாலும் ஆசிரியப் பயிற்சிக்கே அனுப்பப்பட்ட அக்காலத்தில், மரியா தனது 13 ஆவது வயதில் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். முதலில் ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று 1892 இல் தேர்ச்சி பெற்றார். அடுத்த ஆண்டு மருத்துவப் படிப்பில் நுழைந்து, 1896 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களுள் இவரும் ஒருவர்.

உடன் பணியாற்றிய மருத்துவர் ஜூசெப்பே மொந்தெசானோ மூலம் 1898 மார்ச் 31 அன்று இவருக்கு மாரியோ என்ற மகன் பிறந்தான். இருவரும் திருமணம் செய்துகொள்ளவில்லை. திருமணமாகாத தாய் என்பது வெளிப்பட்டால் பணியும் மதிப்பும் பறிபோகும் என்ற நிலை அன்று இருந்தது. எனவே குழந்தை வேறொரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தாய் 1912 இல் இறந்த பின்னரே மகனைத் தம்முடன் வாழ அழைத்துக்கொண்டார். அதன் பிறகும் பல ஆண்டுகள் மாரியோ வெளியுலகுக்கு மகனாக அறிமுகப்படுத்தப்படவில்லை.

குழந்தைகள் இல்லம்

அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பணியே மாண்டிசோரியைக் கல்வித்துறைக்கு அழைத்து வந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர்களான ழான் இத்தார், எதுவார் செகுவான் ஆகியோரின் எழுத்துக்களை ஆழ்ந்து படித்தார். புலன்களைப் பயிற்றுவிக்கும் கருவிகளைக் கொண்டு அத்தகைய குழந்தைகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார். அதே வழியைப் பிற குழந்தைகளுக்கும் பயன்படுத்தினால் என்ன விளையும் என்ற வினா அவருக்கு எழுந்தது.

அதற்கான வாய்ப்பு ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் கிடைத்தது. பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் கவனிப்பாரின்றித் திரிந்த சிறுவர்கள், புதிதாகச் சீரமைக்கப்பட்ட குடியிருப்புகளின் சுவர்களைப் பாழாக்கி வந்தனர். அவர்களை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே குடியிருப்பு நிறுவனத்தின் நோக்கம். அப்பொறுப்பை மாண்டிசோரி ஏற்றார். 1907 சனவரி 6 அன்று முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது.

குழந்தைகளின் உயரத்திற்கேற்ற சிறு மேசைகளும் நாற்காலிகளும் அங்கு வைக்கப்பட்டன. பெருக்குதல், கை கழுவுதல், உணவு பரிமாறுதல் போன்ற அன்றாட வேலைகளைக் குழந்தைகளே செய்தனர். 1 சென்டிமீட்டர் முதல் 10 சென்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள 10 கனசதுரங்களை அடுக்குதல், உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்துதல் முதலியன பயிற்சிகளாக அமைந்தன. தவறாகப் பொருத்தினால் அதைக் கருவியே காட்டிவிடும். ஆசிரியர் திருத்த வேண்டிய தேவை குறைவு. பரிசும் தண்டனையும் விலக்கப்பட்டன.

வண்ணம், மண், எழுத்து

மாண்டிசோரி வகுப்பறையில் கலைப்பயிற்சி தனிப் பாடமாக இல்லாமல், கையையும் கண்ணையும் பண்படுத்தும் பணியின் பகுதியாக இருந்தது. வண்ணப் பயிற்சிக்காகத் தட்டையான சிறு பலகைகளில் பட்டு நூல் சுற்றப்பட்டிருந்தது. 8 நிறங்கள், ஒவ்வொன்றிலும் 8 சாயல்கள் என மொத்தம் 64 பலகைகளைக் குழந்தைகள் அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறம் வரை வரிசைப்படுத்தினர். வடிவச் சட்டங்களின் ஓரமாகப் பென்சிலை ஓட்டி உருவம் வரைந்து, உட்பகுதியை வண்ணக் கோடுகளால் நிரப்பினர். இது ஓவியம் போலத் தோன்றினாலும், பென்சிலைப் பிடிக்கவும் கட்டுப்படுத்தவும் விரல்களைப் பழக்கி, எழுதுவதற்கு ஆயத்தம் செய்யும் பயிற்சியாகும்.

களிமண் வேலைக்கும் இடம் இருந்தது. குழந்தைகள் சிறு கலயங்கள் வனைந்தனர். சிறு செங்கற்கள் செய்து சுவர் கட்டினர். உப்புத்தாளில் வெட்டி ஒட்டப்பட்ட எழுத்துக்களை விரலால் தடவி, அவற்றின் வடிவத்தையும் ஒலியையும் ஒருங்கே அறிந்தனர்.

இப்பயிற்சிகளின் விளைவு ஒரு குளிர்கால நாளில் வெளிப்பட்டது. வெயில் நன்கு அடித்த திசம்பர் மாதத்து நாள் ஒன்றில் மாண்டிசோரி குழந்தைகளுடன் மொட்டைமாடியில் இருந்தார். அருகிலிருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். அவன் தரையில் படத்தை வரைந்து முடித்தான். பின்னர், எவரும் கேளாமலே கை என்ற சொல்லையும், புகைபோக்கி, கூரை என்ற சொற்களையும் எழுதினான். தனக்கு எழுத வருகிறது என்பதை அப்போதுதான் அவனே உணர்ந்தான். அவனது கூவலைக் கேட்டு மற்றக் குழந்தைகளும் சுண்ணக்கட்டி கேட்டு எழுதத் தொடங்கினர். மாண்டிசோரி இந்நிகழ்வைத் தமது முதல் பெருநூலில் பதிவு செய்துள்ளார். 1909 இல் வெளியான அந்நூல் விரைவில் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

தோட்டமும் பருவங்களும்

அதே நூலில் செடி வளர்ப்புக்கும் உயிரினங்களைப் பேணுவதற்கும் தனி அத்தியாயம் உள்ளது. விதைத்த குழந்தை நாள்தோறும் நீர் ஊற்ற வேண்டும். இன்று ஊற்றாவிட்டால் நாளை செடி வாடும் என்பதை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, செடியே சொல்லும். இவ்வாறு முன்னறிந்து செயற்படும் பழக்கமும் பொறுமையும் குழந்தையிடம் வளரும் என்பது மாண்டிசோரியின் கருத்து. விதைப்பு, முளைப்பு, பூப்பு, அறுவடை ஆகியவற்றைப் பின்தொடர்வதன் வழியே பருவ மாற்றம் குழந்தைக்குப் புரிகிறது.

மழலையர் பள்ளி என்னும் அமைப்பைத் தொடங்கிய செருமானியக் கல்வியாளர் பிரீடரிக் புரோபெல் (1782–1852), குழந்தையைத் தோட்டத்துச் செடிக்கு ஒப்பிட்டு, தமது பள்ளிக்குக் குழந்தைகளின் தோட்டம் என்று பொருள்படும் பெயரை 1840 இல் இட்டார். பந்துகள், மரக்கட்டைகள், காகித மடிப்பு, பின்னல் வேலை முதலியவற்றை அவர் விளையாட்டாகப் பயன்படுத்தினார். மாண்டிசோரி விளையாட்டுக்கும் கற்பனைக் கதைகளுக்கும் குறைந்த இடமே அளித்து, மெய்யான வேலைக்கு முதன்மை தந்தார். இவ்விரு வழிகளுக்கும் இடையேயான வேறுபாடு இன்றும் கல்வியாளர்களால் விவாதிக்கப்படுகிறது.

ஐரோப்பாவிலிருந்து வெளியேற்றம்

மாண்டிசோரி 1913 இல் ஐக்கிய அமெரிக்காவில் சொற்பொழிவுகள் ஆற்றினார். 1915 இல் சான் பிரான்சிசுகோ கண்காட்சியில், கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்று பார்வையாளர்களுக்காக நடத்தப்பட்டது. 1924 முதல் முசோலினி அரசு இவரது பள்ளிகளுக்கு ஆதரவளித்தது. அந்த ஆதரவை ஏற்றமை பிற்காலத்தில் விமரிசனத்திற்கு உள்ளானது. பின்னர் அரசுடன் முரண்பாடு முற்றி, இத்தாலியில் மாண்டிசோரி பள்ளிகள் மூடப்பட்டன. செருமனியிலும் நாட்சி அரசு அவற்றை மூடியது. பார்செலோனாவில் வாழ்ந்த மாண்டிசோரி, 1936 இல் எசுப்பானிய உள்நாட்டுப் போர் தொடங்கியதும் அங்கிருந்து வெளியேறி நெதர்லாந்தில் குடியேறினார்.

தமிழ்நாட்டில் மாண்டிசோரி

மாண்டிசோரி வருவதற்கு முன்பே அவரது முறை இந்தியாவில் அறியப்பட்டிருந்தது. குசராத்தின் பாவ்நகரில் கிசுபாய் பதேக்கா 1920 இல் தொடங்கிய பாலமந்திர் இதற்கு எடுத்துக்காட்டாகும். 1931 இல் இலண்டனில் மாண்டிசோரியைச் சந்தித்த காந்தி, இக்கல்வி வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி வறியவர்களின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற தமது எதிர்பார்ப்பைத் தெரிவித்தார்.

பிரம்மஞான சபையின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மாண்டிசோரி மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 69. அடையாற்றில் சபை வளாகத்தில் ஓலைக் கொட்டகைகளில் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் கலந்துகொண்டனர். மாண்டிசோரி இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

சில மாதங்களில் திரும்பிவிடும் திட்டம் போரினால் தடைபட்டது. 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரித்தானிய இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆயினர். மாரியோ தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டார். மாண்டிசோரி சபை வளாகத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 31 அன்று, அவரது 70 ஆவது பிறந்தநாளையொட்டி, மாரியோ விடுவிக்கப்பட்டார். அதை அறிவித்த அரசின் தந்தி மாரியோவை அவரது மகன் என்றே குறிப்பிட்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிப்படையாகச் சொல்லப்படாத உறவு, தம்மைக் காவலில் வைத்த அரசின் வாயிலாகவே ஏற்பு பெற்றது.

கொடைக்கானல் ஆண்டுகள்

1942 முதல் 1944 வரை மாண்டிசோரியும் மாரியோவும் கொடைக்கானலில் தங்கினர். அங்கு பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் சிறு பள்ளி ஒன்று நடைபெற்றது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்ன அதில் உடன் பணியாற்றினார். ஐரோப்பாவில் நகரக் கட்டடங்களுக்குள் நடந்த வகுப்பு, இங்கு மலைச்சரிவுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் நடுவே நடந்தது. செடிகள், பூச்சிகள், கற்கள், மேகங்கள் என்று குழந்தைகள் கண்டவை யாவும் வினாக்களாயின.

செடி ஏன் இங்கு வளர்கிறது, மழை எங்கிருந்து வருகிறது, பூச்சிக்கும் பூவுக்கும் என்ன தொடர்பு என்று ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் கல்வி இங்கு உருப்பெற்றது. உலகில் உள்ளவை யாவும் ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதைக் கதைகள், வண்ணப் படங்கள், சோதனைகள் வழியே காட்டும் இதனை மாண்டிசோரி அண்டவியற் கல்வி என்ற பொருளில் அழைத்தார். தாவரங்களையும் விலங்குகளையும் வகைப்படுத்தும் கருவிகளும், புவியில் உயிர்கள் தோன்றி வளர்ந்த வரலாற்றை நீண்ட சுருளில் காட்டும் காலக்கோடும் மாரியோவின் துணையுடன் உருவாயின. 6 முதல் 12 வயது வரையான குழந்தைகளுக்குரிய மாண்டிசோரி கல்வியின் அடித்தளம் கொடைக்கானலில் இடப்பட்டது எனலாம்.

பின்னர் அகமதாபாத், காசுமீர், கொழும்பு ஆகிய இடங்களிலும் பயிற்சிகள் நடைபெற்றன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இவரிடம் பயிற்சி பெற்றனர். இந்தியாவில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் பிறந்தவுடன் தொடங்கும் கற்றலை விளக்கும் நூல் ஒன்று உருவாகி, 1949 இல் அடையாற்றில் வெளியானது.

இறுதிக்காலம்

1946 இல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, 1947 இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். 1949, 1950, 1951 ஆகிய ஆண்டுகளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டார். எனினும் பரிசு கிடைக்கவில்லை. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் நூர்ட்வைக் என்னும் கடற்கரை ஊரில் தமது 81 ஆவது வயதில் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1990 இல் வெளியிடப்பட்ட இத்தாலியின் 1000 லிரா பணத்தாளில் இவரது உருவம் பொறிக்கப்பட்டது.

விமரிசனங்கள்

அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் கில்பாட்ரிக் 1914 இல் எழுதிய நூலில், இம்முறை கற்பனைக்கும் கூடி விளையாடுவதற்கும் போதிய இடம் தரவில்லை என்று குறை கூறினார். குழந்தை தன் விருப்பப்படி வரையும் படங்களுக்குப் பதிலாக வடிவச் சட்டங்களுக்கு முதன்மை தரப்பட்டது மற்றொரு குறையாகச் சொல்லப்படுகிறது. இந்தியாவில் பெரிதும் பேசப்படும் குறை செலவு பற்றியதாகும். தொழிலாளர் குடியிருப்பில் பிறந்த இம்முறை, விலையுயர்ந்த கருவிகளின் காரணமாகக் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளின் அடையாளமாக மாறியது.

தமிழ்நாட்டில் தாக்கம்

2003 இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007–08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் திட்டத்தில், ரிசிவேலி பள்ளியின் பட்டறிவுடன் மாண்டிசோரி கருத்துக்களும் பயன்பட்டன. 2019 இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன.

மழலையர் வகுப்புகளில் பருவங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழக்கப்படி நான்காகப் படத்தில் காட்டப்படுகின்றன. தமிழ் மரபில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகள் உள்ளன. சங்கரன்கோவில், இளையரசனேந்தல், கோவில்பட்டி சார்ந்த மானாவாரிக் கரிசல் நிலங்களில் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை, மாசியில் அறுவடை செய்வது வழக்கம். அங்குள்ள குழந்தை பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டிக் குளிர்காலத்தை அறிவதைவிட, தேங்காய்ச் சிரட்டையில் கம்பு விதைத்து முளை எண்ணியும், கரிசல் மண்ணில் பொம்மை செய்தும், உதிர்ந்த இலையில் சாயம் தொட்டு அச்சிட்டும், தைப்பொங்கலுக்குப் புள்ளி எண்ணிக் கோலமிட்டும் தன் ஊரின் பருவங்களை அறிவது மாண்டிசோரியின் கருத்துக்கு நெருக்கமானதாகும். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை என்பது குறிப்பிடத்தக்கது.