பிரதம அத்தியட்சர் ஜார்ஜ் அபட்

இங்கிலாந்து தேயத்துக் கில்ட்ஃபோர்டு நகரில், கம்பளித் துணித் தொழிலாளர் ஒருவர்க்குக் கி. பி. 1562-இல் மகனாய்ப் பிறந்தவர் ஜார்ஜ் அபட் என்பார். எளிய குடியினராயினும் ஆக்ஸ்போர்டிற் பயின்று, ஆங்கு ஒரு கல்லூரிக்குத் தலைவராயினார். ஜேம்ஸ் மன்னர் ஆணையால் 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திற் சுவிசேஷங்களை மொழிபெயர்த்த குழுவில் இவரும் இருந்தார். அவ்வாண்டிலேயே கான்டர்பரிப் பிரதம அத்தியட்சர் பதவியும் இவரை அடைந்தது. இவர்தம் இளவல் மாரிஸ் பிற்காலத்திற் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவராய் விளங்கினார்.

அபட் நெகிழ்ச்சியறியாத இயல்பினர். ஓய்வுநாளில் விளையாட்டுக்கள் ஆடலாமென மன்னர் 1618-இல் விடுத்த அறிக்கையைக் குரோய்டன் ஆலயத்திற் படிக்கலாகாதெனத் தடுத்தவர் இவரே. அத்தகையார்க்கு, விளையாட்டொன்றினாலேயே பெருந்துயர் விளைந்தது.

1621-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 24-ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. ஹாம்ஷயரில் உள்ள பிராம்ஸ்ஹில் என்னும் இடத்தில், ஸூஷ் பிரபுவின் மான் காட்டில் அபட் வேட்டையாடினார். மானொன்றைக் குறித்து அவர் விசைவில்லினின்று விடுத்த அம்பு, காவலன் பீட்டர் ஹாகின்ஸ் என்பானது கையிற் பாய்ந்தது. குருதி நில்லாது பெருக, அவன் சிறிது பொழுதில் உயிர் நீத்தான். மறைவில் நின்று அம்பு தொடுத்து மகனொருவனை மாய்த்த தசரதனை நம்மனோர் ஈண்டு நினையாதிரார். ஆயின் தசரதனைச் சபித்தற்கு அம்மகனின் தந்தை இருந்தான். காவலன் மனைவியோ பேசியதாக எந்த ஏட்டிலும் யான் கண்டிலேன்.

விபத்தென ஊரார் விசாரணையில் முடிவாயிற்று. மன்னரும், இஃது எவர்க்கும் நேரத்தக்கதே என ஆறுதல் கூறியனுப்பினார். எனினும் வழக்கு அவ்வளவில் ஒழியவில்லை. தகுந்த செயலொன்றைச் செய்யுங்கால் தற்செயலாய் உயிர்க்கொலை நேரின் குற்றமின்று; தகாத செயலிடை நேரின் குற்றம் உண்டு என்பது பழைய திருச்சபைச் சட்டம். குருமார் வேட்டையாடல் தகுமோ? தகாதெனின், குருதி சிந்திய கை திருப்பணிக்கு ஆகுமோ? இவற்றை ஆராயப் பதின்மர் குழுவொன்றை மன்னர் அமைத்தார். கொள்கையால் அபட்டுக்கு மாறுபட்டவராகிய ஆண்ட்ரூஸ் என்னும் அத்தியட்சர் அவர்க்காகப் பரிந்து பேசினார்; இதுவே இவ்வரலாற்றில் யான் மிகப் போற்றும் செய்தி. குழுவினர் இருபாலும் ஒத்துப் பிரிந்தனராக, மன்னர் அபட் சார்பில் முடிவு செய்து, டிசம்பர் 24-ஆம் நாள் மன்னிப்பு வழங்கினார்.

அதற்குள் வில்லியம்ஸ், லாட் முதலிய புதிய அத்தியட்சர்கள் அபட்டின் கையால் அபிஷேகம் பெற மறுத்துப் பிறர்பாற் பெற்றனர். அது தூய்மை கருதியோ, பழம்பகை கருதியோ, அறியேம்.

இத்துணை இழிவுற்றும் அபட் அஞ்சி ஒடுங்கினாரல்லர். 1626-இல் சார்லஸ் மன்னர்க்கு முடிசூட்டியவர் அவரே. மறு ஆண்டில், மன்னர் வலிந்து வாங்கிய கடனை ஆதரித்த பிரசங்கம் ஒன்றை அச்சிட இசையாது, பதவியின் அதிகாரம் சிறிது காலம் பறிக்கப்பெற்றார்.

கில்ட்ஃபோர்டு முதியோர்க்கென அவர் எழுப்பிய அறச்சாலை இன்றும் நிலவுகின்றது. காவலனின் கைம்பெண்ணுக்கு ஆண்டுதோறும் 20 பவுன் கிடைக்க ஏற்பாடு செய்தார். 1633-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் குரோய்டனில் உயிர் துறக்குமளவும், திங்கள்தோறும் ஒரு செவ்வாய்க்கிழமை உண்ணாதிருந்தார்.