வீதியைச் சந்நிதியாக்கிய பாபநாசம் சிவன்

இறைவனைப் பாடிப் பரவிய அருளாளர்கள் தமிழகத்தில் பலர் தோன்றினர். இருபதாம் நூற்றாண்டிலே அவ்வழியில் வந்து, தமிழ்த் தியாகையர் என்று இசையுலகம் போற்றும் பேறு பெற்றவர் பாபநாசம் சிவன் ஆவார். எண்பத்து மூன்று ஆண்டுகள் நிறைவாழ்வு வாழ்ந்த அப்பெருமகனார், பக்தி, குடும்பம், இசை, தொண்டு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று முரண்படாமல் காத்த வரலாறு, ஆலயத் திருவிழாக் காலங்களில் நினைந்து போற்றத் தக்கதாகும்.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் போலகம் என்னும் சிற்றூரில், 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள், ராமாமிர்த ஐயர், யோகாம்பாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராமையா. ஏழு வயதளவிலேயே தந்தையை இழந்தார். ஆதரவற்ற நிலையில் அன்னையார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சென்றார். அங்கே ராமையா வடமொழி இலக்கணம் பயின்று தேர்ச்சி பெற்றார். அந்நகரில் நீலகண்ட சிவன் என்னும் பக்தர் பாடிப் பரப்பிய தமிழ்க் கீர்த்தனைகளும், பஜனைக் கூட்டங்களும் இளம் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. பிற்கால வாழ்வு முழுமைக்கும் வித்து அங்கேதான் ஊன்றப்பெற்றது.

1910-ஆம் ஆண்டில் அன்னையாரும் மறைந்தார். மனம் உடைந்த இளைஞர், தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் வாழ்ந்த தமையனார் ராஜகோபால ஐயரிடம் வந்து சேர்ந்தார். ஆயினும் வீட்டில் அமர்ந்திருக்க மனம் ஒப்பவில்லை. உற்சவம் நடைபெறும் ஊர்களுக்கெல்லாம் சென்று, சுவாமி புறப்பாட்டின் பின்னே பாடிக்கொண்டு நடந்தார். திருநீறு துலங்கிய அத்திருமேனியைக் கண்ட அடியார்கள் அவரைச் சிவன் என்றே அழைக்கலாயினர். அப்பெயரே நிலைத்தது. திருவாரூர்த் தியாகேசப் பெருமான் மீது குந்தலவராளி இராகத்தில் அவர் பாடியதே முதற் கீர்த்தனை என்பர். இசைப் பேரறிஞர் கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் பாட்டைப் பலகாலம் உடனிருந்து கேட்டுத் தம் ஞானத்தை வளர்த்துக்கொண்டார். ராமதாசன் என்னும் முத்திரையைத் தம் பாடல்களில் பொறித்தார்.

1917-ஆம் ஆண்டில் லட்சுமி அம்மாளை மணந்தார். சில ஆண்டுகளில் சென்னை மயிலாப்பூரில் குடியேறினார். கபாலீசுவரரும் கற்பகாம்பாளும் எழுந்தருளிய அத்தலமே அவருக்கு வாழ்வின் நடுவிடமாயிற்று. மார்கழி மாதந்தோறும், பொழுது புலருமுன், குளிரையும் பனியையும் பொருட்படுத்தாது, நான்கு மாட வீதிகளையும் பாடிக்கொண்டே வலம் வந்தார். உடன் வருவோர் வித்துவான்களா, பாமரரா என்று பார்த்தாரில்லை. குரல் உள்ளவர் பாடினர். இல்லாதவர் கைத்தாளம் இட்டனர். சபாக்களில் கட்டணம் செலுத்தி அமர்ந்து கேட்ட இசை, அங்கே வாசலில் கோலமிடும் பெண்களுக்கும் வீதியில் செல்லும் ஏழைக்கும் உரியதாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் இத்தொண்டினைச் செய்தார். அவருக்குப் பின்னர் குடும்பத்தாரும் சீடர்களும் அதனைத் தொடர்ந்தனர்.

பங்குனிப் பெருவிழாவில் கபாலீசுவரப் பெருமானின் வீதியுலா அலங்காரத்தைக் கண்டு உள்ளம் உருகிக் காம்போதி இராகத்தில் அவர் இயற்றிய கீர்த்தனை இன்றும் கச்சேரி மேடைகளில் முழங்குகின்றது. முருகன் மீதும் அம்பிகை மீதும் இராமபிரான் மீதும் பாடிய பாடல்கள் மிகப் பல. எளிய சொல், ஆழ்ந்த பக்தி, இராகத்தின் முழு வடிவம் ஆகிய மூன்றும் அவற்றில் ஒருங்கே அமைந்தன. 1934-ஆம் ஆண்டில் கீர்த்தன மாலை என்னும் தொகுதி வெளிவந்தபோது, தமிழ்க் கீர்த்தனைகள் மேடைகளில் போதிய இடம் பெறாதிருந்த நிலை மாறத் தொடங்கியது.

பாடல் புகழ் தந்ததேயன்றிப் பொருள் தரவில்லை. மனைவி மக்களைக் காக்கும் கடமை முன்னே நின்றது. அதே 1934-ஆம் ஆண்டில் வெளியான சீதா கல்யாணம் படத்தின் வழியாகத் திரையுலகில் நுழைந்தார். அம்பிகாபதி, அசோக் குமார், சிவகவி, ஹரிதாஸ் ஆகிய படங்களுக்கு அவர் எழுதிய பாடல்கள், எம்.கே. தியாகராஜ பாகவதரின் குரலில் கடல் கடந்து மலாயாத் தமிழர் இல்லங்களிலும் ஒலித்தன. 1939-இல் கல்கியின் கதையைக் கொண்டு எடுக்கப்பெற்ற தியாகபூமி படத்தில் சம்பு சாஸ்திரியாக அவரே நடித்தார். புயலில் வீடிழந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைக்கலம் தந்து, அதனால் சொந்த சமூகத்தாரால் ஒதுக்கப்படும் பெரியவரின் பாத்திரம் அது. தேசிய உணர்வு ததும்பிய அப்படத்தை ஆங்கில அரசு தடை செய்தது.

திரைத்தொழில் எவ்வளவு நெருக்கினும் மார்கழி வீதிவலத்தை அவர் விட்டாரில்லை. பகலில் படத்துக்குப் பாட்டெழுதிய அதே கைகள், விடியலில் பெருமானுக்குத் தாளமிட்டன. தொழில் குடும்பத்திற்கு, வைகறை இறைவனுக்கு என்று வகுத்துக்கொண்டார். கலாக்ஷேத்திரத்தில் மாணவர்களுக்கு இசை கற்பித்தார். வடமொழிச் சொல்லகராதி ஒன்றையும் உழைத்துத் தொகுத்தார். புதல்வியர் நீலா ராமமூர்த்தியும் ருக்மிணி ரமணியும் தந்தையின் பாடல்களைப் பரப்பும் பணியை ஏற்றனர். குடும்பம் பக்திக்குத் தடையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

சங்கீத நாடக அகாதமியின் சிறப்பும், 1971-இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதிப் பட்டமும், 1972-இல் பத்மபூஷண் விருதும் அவரை நாடி வந்தன. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இறைவன் திருவடி நீழலை அடைந்தார்.

வீதியுலாவின் பெருமையைப் பினாங்கு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. தைப்பூசத்தில் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி இரதமும், 2017 முதல் வேல் தாங்கி வரும் தங்க இரதமும் தண்ணீர்மலை நோக்கிச் செல்கையில் ஜார்ஜ்டவுன் வீதிகளே ஆலயமாகின்றன. ஆனால் இரதத்தைச் சூழ்ந்து வருவோரின் வாய் மூடியிருக்க, ஒலிபெருக்கிகளே முழங்கும் நிலையையும் காண்கின்றோம். தண்ணீர்ப் பந்தல்கள் சிலவற்றில் ஒலிப்பது இறைப்பாடல்தானா என்பதும் ஐயமே. திரைக்கே பாட்டெழுதிய சிவன், பெருமான் திருமுன்னர்ப் பக்திப் பாடலையே, தம் சொந்தக் குரலால், மக்களோடு சேர்ந்தே பாடினார் என்பதை மெய்யன்பர்கள் சிந்திக்க வேண்டும்.

பெற்றோர் தம் மக்களுக்கு ஒரு தேவாரம், ஒரு திருப்புகழ், ஒரு கீர்த்தனையாவது கற்பித்து, இரதத்தின் பின்னே கைத்தாளத்துடன் பாடி நடக்கச் செய்வார்களாயின், அதுவே அப்பெரியாருக்குச் செய்யும் நன்றிக்கடன். அதுவே ஆலயத்திற்குச் செய்யும் தொண்டும் ஆகும்.