எஃப்.ஏ. தேர்வில் 2 முறை ஃபெயில்... கணிதமேதை ராமானுஜனுக்கு கல்லூரிக் கதவு மூடியது ஏன்? பிறகு திறந்தது எப்படி?

பிளஸ் 2 ரிசல்ட் வந்த அன்று சேந்தமங்கலமோ, கொல்லிமலையோ, எந்த ஊராக இருந்தாலும் மார்க் குறைந்த பிள்ளையிடம் யாராவது ஒருவர் சொல்லும் ஆறுதல் இது: ராமானுஜனே காலேஜ்ல ஃபெயில்தானே! சேந்தமங்கலத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் கொஞ்சம் நெருக்கமும்கூட. பக்கத்தில் இருக்கும் நாமக்கல்லின் நாமகிரித் தாயார்தான் ராமானுஜன் குடும்பத்தின் குலதெய்வம்.

ஆனால், ஃபெயில் ஆன பிறகு அவர் பட்ட பாட்டை யாரும் முழுசாகச் சொல்வதில்லை.

ஸ்காலர்ஷிப் போனது எப்படி?

1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில், அம்மா கோமளத்தம்மாளின் பிறந்த வீட்டில் பிறந்தார் ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணம். அப்பா ஜவுளிக்கடை குமாஸ்தா. டவுன் ஹைஸ்கூலில் பரிசு மேல் பரிசு வாங்கிய பையன், 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஸ்காலர்ஷிப்புடன் எஃப்.ஏ. சேர்ந்தார். இன்றைய பிளஸ் 1, பிளஸ் 2 மாதிரியான 2 வருடப் படிப்பு அது.

அதற்கு முந்தைய வருடமே ஜி.எஸ்.கார் எழுதிய ஒரு கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்கு வந்துவிட்டது. அதன்பின் கணக்கைத் தவிர எதிலும் மனம் ஓடவில்லை. ஆங்கிலத்தில் கோட்டை விட்டார். ஸ்காலர்ஷிப் பறிபோனது. ஃபீஸ் கட்ட அந்த வீட்டில் வசதி கிடையாது. 1905-ல் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார்.

1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி சேர்ந்தார். இந்த முறை உடம்பு படுத்தியது. உடலியல் பாடம் சுத்தமாக ஒட்டவில்லை. அந்த வருட எஃப்.ஏ. தேர்வில் ஃபெயில். 1907-ல் தனித்தேர்வராக எழுதினார், அதிலும் ஃபெயில். எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆனால்தான் எஃப்.ஏ. என்பது விதி. கணக்கில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த விதி அசையாது. எஃப்.ஏ. இல்லையென்றால் பி.ஏ. படிக்க முடியாது.

அடுத்த 5 வருடம்

இந்தப் பகுதியைத்தான் ஆறுதல் சொல்பவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலை இல்லை, பட்டம் இல்லை, 1909-ல் கல்யாணமும் ஆகிவிட்டது. நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆள் ஆளாகப் போய்ப் பார்த்தார். திருக்கோவிலூரில் இருந்த துணை கலெக்டர் வி.ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். நோட்டைப் பார்த்ததுமே ஆளைப் புரிந்துகொண்டார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. எஃப்.ஏ.கூட தாண்டாத அவருக்கு, அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. கடல் தாண்டிப் போக முதலில் மறுப்பு இருந்தது. நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாக அம்மா சொன்ன பிறகே சம்மதம் கிடைத்ததாகச் சொல்வார்கள். 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் பாடவாரித் தேர்வு எதுவும் எழுதாமல், ஆராய்ச்சிக் கட்டுரைக்காக கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார்.

கவனிச்சீங்களா? அவருக்குத் திறந்த ஒவ்வொரு கதவும் மார்க்கைப் பார்த்துத் திறந்தது இல்லை. விதியைத் தளர்த்தக்கூடிய இடத்தில் இருந்த ஒருவர், நோட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்ததால் திறந்தது. அப்படி ஒரு ஆள் எல்லோருக்கும் அமைவதில்லை.

இன்று அதே மார்க் வாங்கியிருந்தால்?

ஒரு பாடம் போச்சு என்றால் இன்றும் அட்மிஷன் கிடையாது, அது மாறவில்லை. ஆனால் அதே வருடம் துணைத்தேர்வு எழுதி, பாஸ் ஆகி, அந்த வருடமே கல்லூரியில் சேரலாம். பொறியியலுக்கும் துணைக் கலந்தாய்வு உண்டு.

இன்னொரு பெரிய வித்தியாசம் கட்-ஆஃப். பொறியியலில் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200-க்குத்தான் தரவரிசை. தமிழ், ஆங்கில மார்க் இந்தக் கணக்கில் வராது, பாஸ் ஆனால் போதும். அரசு கலை, அறிவியல் கல்லூரிகளிலும் பெரும்பாலான படிப்புகளுக்கு மொழிப்பாடம் தவிர்த்த 4 பாடங்களின் மார்க்தான். அதனால் மொத்த மார்க் குறைவு என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடாதீங்க, முதலில் கட்-ஆஃப் போட்டுப் பாருங்க.

ராமானுஜன் 1919-ல் நோயோடு ஊர் திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32. கடைசி நாட்களிலும் படுக்கையில் இருந்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாள்கள் 1976-ல்தான் கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கண்டெடுக்கப்பட்டன.