தணற்குழியில் பட்ட பாதங்கள்

ஜூலை மாதம் 28ஆம் நாள் திருச்சபை புனித அல்போன்சாவை நினைவுகூருகின்றது. இந்தியப் பெண்களுள் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர் என்று அவரை நம்மவர் அறிவர். ஆயினும் அவருடைய வரலாற்றைச் சொல்லும்போது ஒரு நிகழ்ச்சியை நாம் சற்று விரைவாகவே கடந்து போகின்றோம். பதின்மூன்று வயதில் அவர் தமது காலைத் தாமே நெருப்பில் வைத்த நிகழ்ச்சி அது. பெண்பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் அதை நிதானமாக நின்று பார்ப்பது நல்லது.

கேரளத்தில் கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் 1910 ஆகஸ்ட் 19ஆம் நாள் அவர் பிறந்தார். தாய் கர்ப்பவதியாய் உறங்கிக்கொண்டிருந்தபோது பாம்பு ஒன்று உடலைச் சுற்றிக்கொள்ள, அந்தத் திகிலில் எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. அன்னா என்று திருமுழுக்கில் பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு அவள் அன்னக்குட்டி. மூன்று மாதங்களில் தாய் இறந்துபோனார். பாட்டன் பாட்டியின் வீட்டில் அன்பாக வளர்ந்த பிள்ளை, 1917 நவம்பர் 11ஆம் நாள் புதுநன்மை வாங்கினாள். 1920ஆம் ஆண்டில் அவளை முட்டுச்சிறைக்கு, தாயின் சகோதரி அன்னம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அன்னம்மா பக்தியுள்ள பெண்மணி. கோவிலுக்குத் தவறாதவர். ஆனால் கண்டிப்பு எல்லை கடந்தது. சின்னஞ்சிறு விஷயத்திலும் பிள்ளை தம் சொற்படியே நடக்க வேண்டும் என்று வற்புறுத்துவார், சில வேளைகளில் கையும் நீளும். தாயற்ற பெண்ணை நல்ல இடத்தில் கரைசேர்க்க வேண்டும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்கும். அவரைக் கொடியவர் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. அன்னக்குட்டி அழகான பிள்ளை. வசதியான வரன்கள் வந்தன. அருகிலிருந்த கார்மேல் மடத்துக்குப் போய்ப்போய் வந்த பிள்ளைக்கோ கன்னியராக வேண்டும் என்ற ஒரே எண்ணம். பதின்மூன்றாம் வயதில் கல்யாணம் பேசி முடித்தார்கள்.

வேண்டாம் என்று அவள் சொல்லாமல் இல்லை. கேட்பார்தான் இல்லை. ஓர் இரவு முழுவதும் ஜெபித்தாள். உடல் கொஞ்சம் விகாரப்பட்டுவிட்டால் தன்னை யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அவள் எண்ணியதைப் பிற்காலத்தில் அவரே தெரிவித்திருக்கின்றார். உமி எரிந்து தணலாய்க் கிடந்த குழி ஒன்று பக்கத்தில் இருந்தது. காலை மட்டும் சுட்டுக்கொள்ளலாம் என்று போனவள் சறுக்கி உள்ளே விழுந்தாள். பாதங்கள் இரண்டும் வெந்துபோயின. வீட்டார் அதை விபத்தென்றே எண்ணிப் பல நாட்கள் மருந்து கட்டினார்கள். கல்யாணப் பேச்சு நின்றது. கால்களில் ஊனம் ஆயுள் முழுவதும் இருந்தது.

இதைப் பிரசங்கங்களில் வீரச் செயலாகச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். நமக்கு அது அவ்வாறு படவில்லை. நெருப்பில் இறங்கியதற்காகத் திருச்சபை அவருக்குப் பட்டம் சூட்டவில்லை. பிற்காலத்தில் அவர் காட்டிய அன்புக்கும் பொறுமைக்குமே சூட்டிற்று. குழியில் விழுந்தது வாய் திறந்து சொல்லியும் கேட்கப்படாத ஒரு பிள்ளை. வாய் சொல்லியதை யாரும் ஏற்காதபோது அவள் உடம்பைக்கொண்டு சொன்னாள்.

இவ்வாறு உடம்பைக்கொண்டு சொன்னவர்கள் வேறும் உண்டு. இத்தாலியின் சியன்னா நகரத்துப் புனித கத்தரீனம்மாளுக்குப் பதினைந்து வயதளவில், 1362ஆம் ஆண்டில், அன்புச் சகோதரி பொனவெந்தூரா பிரசவத்தில் இறந்துபோனார். அந்தத் துக்கத்துக்கிடையே கல்யாணம் செய்துகொள்ளும்படி வீட்டார் நெருக்கினார்கள். கத்தரீனம்மாள் தம் கூந்தலை வெட்டிக்கொண்டார், உணவையும் ஒடுக்கிக்கொண்டார். நாளடைவில் உண்ண விரும்பினாலும் வயிறு ஏற்காத நிலை வந்தது. அது தமக்கு நேர்ந்த ஒரு பலவீனம் என்றும், மற்றவர்களைப்போல் உண்ணும் வரத்தைக் கேட்டு மன்றாடுவதாகவும் அவரே கடிதத்தில் எழுதினார். 1380 ஏப்ரல் 29ஆம் நாள் முப்பத்துமூன்று வயதில் இறந்தார். உணவை வெறுக்கும் நோய்க்கு மருத்துவர்கள் பெயரிட்டது அதற்கு ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் கழித்து, 1873ஆம் ஆண்டை ஒட்டி, லண்டனில் கல் என்பவரும் பாரிசில் லசேக் என்பவரும் எழுதிய பிறகுதான்.

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று எண்ண வேண்டாம். எல்லவிலிருந்து தெமோதரைக்குப் போகும் ரயில்பாதையின் மேலும் கீழும் இருக்கின்ற லயங்களில் ஒரு பிள்ளை பெரியவளானதும் நாம் என்ன பேசுகின்றோம்? கறுத்துவிட்டாள், பருத்துவிட்டாள், இந்த எலும்புக்கு யார் மாப்பிள்ளை கொடுப்பார்கள் என்று அவள் காதில் விழவே பேசுகின்றோம். போதாததற்கு ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர்கள் பிடிக்கும் படங்களும் கைபேசியில் ஓடும் முகங்களும் அவளுக்கு வேறோர் அளவுகோலைக் காட்டுகின்றன. சில பிள்ளைகளுக்கு இதைவிடக் கொடியது நேர்ந்திருக்கும். உறவுக்காரர் ஒருவரின் கை பட்டிருக்கும். அதை அவள் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். பிறகு சோற்றைத் தம்பியின் தட்டில் தள்ளுவாள். பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன் என்பாள். சாப்பிட்டதும் லயத்தின் பின்பக்கம் போய் வாந்தியெடுப்பாள். தோட்டத்தில் வறுமையினால் மெலிந்த பிள்ளைகள் அதிகம் என்பதால், விடியும்முன் எழுந்து கொழுந்துக்குப் போகும் தாய்க்கு இது பூச்சித் தொந்தரவாகவோ இரத்தக் குறைவாகவோ தோன்றும். தபசு காலமானால் ஒறுத்தல் என்று நாமே பாராட்டியும்விடுவோம்!

இத்தகைய பிள்ளையை மருத்துவர்கள் இன்று அணுகும் முறை வேறு. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று அதட்டுவதை விட்டு, அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய முயல்கின்றார்கள். ஆனால் முதல் நாளிலேயே அதைத் தோண்டுவதில்லை. பட்டினியில் இதயம் பலவீனப்பட்டிருக்கும். ஆகவே உடம்பை முதலில் காப்பாற்றி, வேளாவேளைக்குச் சிறிது சிறிதாக, ஒருவர் கூட இருந்து உண்ணச் செய்கின்றார்கள். கதவை மூடலாமா, யார் உடன் இருக்கலாம் என்று அவளிடமே கேட்கின்றார்கள். தன் உடம்பின்மேல் தனக்கு ஓர் உரிமை உண்டு என்பதை அவள் மீண்டும் உணர வேண்டுமல்லவா? நம்பிக்கை பிறந்தபின் பழைய காயத்தை அவள் வேகத்திலேயே பேசவிடுகின்றார்கள். வீட்டாருக்கும் வேலை உண்டு: தட்டைப் பார்த்தும் உடம்பைப் பார்த்தும் எதையும் சொல்லாதிருப்பது. நாக்கைக் கட்டுவது சோறு ஊட்டுவதைவிடக் கடினம்! பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு உண்டு. 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கமும் உண்டு. அங்கே போவதைப் பைத்தியம் என்று பேசுவதை நாம் விட வேண்டும்.

அன்னக்குட்டி 1927ஆம் ஆண்டில் பரணங்கானத்தில் கிளாரம்மாள் சபைக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மறு ஆண்டு அல்போன்சா என்ற பெயர் கிடைத்தது. சிறிது காலம் வாகக்காட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். பிள்ளைகளுக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். 1936 ஆகஸ்ட் 12ஆம் நாள் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தார். இரத்தப்போக்கும் கால் புண்களும் நிமோனியாவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

1940 அக்டோபர் 18ஆம் நாள் நள்ளிரவில் அவருடைய அறைக்குள் ஒரு திருடன் புகுந்தான். அந்த அதிர்ச்சியில் அல்போன்சாவுக்கு நினைவு தவறிற்று. திருடன் போய்விட்டான், பயம் போகவில்லை. மாதக்கணக்கில் அவர் தேறவில்லை. பிறக்கும் முன்பே தாயின் திகில், பிறகு தாயின் இழப்பு, பிறகு அடியும் நெருப்பும். அவற்றின் மேல் இந்த இரவு. பேரதிர்ச்சி மனிதரை நெடுங்காலம் ஆட்டிவைக்கும் ஒரு நோய் என்று அமெரிக்க மனநல மருத்துவர்கள் தம் கைநூலில் சேர்த்ததே 1980ஆம் ஆண்டில்தான். பரணங்கானத்துச் சகோதரிகளுக்கு அப்படி ஒரு நூல் இல்லை. 1941 செப்டெம்பர் மாத இறுதியில் அவருக்கு நோயிற்பூசுதல் கொடுக்கப்பட்டது. அடுத்த நாள் நினைவு திரும்பிற்று என்று அவர் வரலாறு சொல்கின்றது. உடல்நலம் முழுமையாகத் திரும்பவில்லை.

கடைசி ஆண்டில் குடலும் ஈரலும் கெட்டு, ஒரு நாளைக்கு நாற்பது தடவைவரை வாந்தி. இது உண்ண மறுக்கும் நோயன்று, உடல் நோயே. இரண்டையும் குழப்பக் கூடாது என்பதற்காகச் சொல்கின்றோம். 1946 ஜூலை 28ஆம் நாள், முப்பத்தைந்து வயதில் இறந்தார். அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலரே.

கல்லறைக்கு முதலில் வரத் தொடங்கியவர்கள் பள்ளிப் பிள்ளைகள். மெழுகுவர்த்தி ஏற்றி, தங்களுக்குத் தெரிந்த அல்போன்சம்மாவிடம் வேண்டினார்கள். பின்னரே பெரியவர்கள் வந்தார்கள். 1986 பெப்ரவரி 8ஆம் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கோட்டயத்தில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2008 அக்டோபர் 12ஆம் நாள் பாப்பரசர் பதினாறாம் ஆசீர்வாதப்பர் ரோமையில் புனிதர் பட்டம் அளித்தார். அக்கல்லறைக்குத் தாய்மார் விசேஷமாகக் கொண்டுவருவது பாதம் வளைந்து பிறந்த குழந்தைகளை. புனிதர் பட்டத்துக்கென ஏற்கப்பட்ட புதுமையும் அவ்வாறு பாதம் வளைந்து பிறந்த ஒரு சிறுவனுடையதே.