டயர்காரரான ஓவியர்

பெரிய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் வரும். டயர் தேய்ந்துவிட்டது, நான்கையும் மாற்றியாக வேண்டும் என்று மெக்கானிக் கையை விரித்துவிடுவார். கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது காரின் பெயரை அல்ல. பழைய டயரின் பக்கவாட்டில் பதித்திருக்கும் எண்ணைத்தான். 245/40 ஆர் 19 என்று ஏதோ மந்திரம் போல அது இருக்கும். 245 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டர் கணக்கில். 40 என்றால் டயரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு. 19 என்பது சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். நடுவில் ஒற்றை எழுத்தாக நிற்கிறதே ஓர் 'ஆர்', அதற்குப் பின்னால் ஒரு மனிதரின் ஐம்பது வருஷத்து உழைப்பு இருக்கிறது. அந்த வெற்றியை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

அவர் பெயர் எடுவார் மிச்செலின். 1859-ம் வருஷம் ஜூன் 23-ம் தேதி பாரிஸ் நகரில் பிறந்தவர். அண்ணன் ஆந்திரே ஆறு வயது மூத்தவர், இஞ்சினீயர். தம்பிக்கோ யந்திரங்களில் நாட்டமே இல்லை. சட்டம் படித்தார். பிறகு அதையும் விட்டுத் தூரிகையைப் பிடித்தார். பாரிஸ் கலைப் பள்ளியில் பூகுரோ என்ற பேர்போன ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். முப்பது வயதை எட்டும்வரை அவருடைய உலகம் வர்ணமும் கித்தானுமாகவே இருந்தது.

விதி வேறு விதமாக இருந்தது. தாய்வழிப் பாட்டனார் பார்பியே, உறவினர் தோப்ரே என்பவருடன் சேர்ந்து 1832-ல் கிளெர்மோன்-பெரான் என்ற ஊரில் விவசாய யந்திரங்கள் செய்யும் சிறு பட்டறை வைத்திருந்தார். அணைந்துபோன எரிமலைகள் சூழ்ந்த ஊர் அது. மாதா கோயிலைக்கூட எரிமலை கக்கிய கறுங்கல்லால்தான் கட்டியிருக்கிறார்கள். தோப்ரேயின் மனைவி ஸ்காட்லாந்துக்காரி. மழைக்கோட்டுக்குப் பெயர் கொடுத்த மாக்கின்டாஷின் உறவுப் பெண். அவள் குழந்தைகள் விளையாட ரப்பர்ப் பந்து செய்து கொடுத்தாளாம். அந்தப் பந்திலிருந்து பட்டறைக்குள் ரப்பர் புகுந்தது என்பார்கள்.

பெரியவர்கள் மறைந்தபின் தொழில் படுத்துவிட்டது. கடன் கழுத்தை நெரித்தது. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் 1886-ல் ஆந்திரே பொறுப்பேற்றார். ஆனால் பாரிஸில் அவருக்குச் சொந்தத் தொழில் ஒன்று இருந்தது. இரண்டு குதிரையில் எத்தனை நாள் சவாரி செய்வது? தம்பியைக் கூப்பிட்டார். 1889-ல் எடுவார் ஓவியத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கிளெர்மோன் போனார். போனவர் திரும்பவில்லை. மீதி 51 வருஷமும் அந்த ஊரிலேயே கழிந்தன.

அவர் போய்ச் சேர்ந்தபோது ஆலையில் வேலை செய்தவர்கள் ஐம்பது பேர்தான். குதிரை வண்டிக்கும் சைக்கிளுக்கும் சத்தமில்லாத ரப்பர் பிரேக் கட்டை செய்து விற்றார்கள். அதை நம்பிக் கடன் அடைப்பது நடவாத காரியம்.

வண்டியில் வந்த சைக்கிள்

அந்த வருஷமே ஒரு நாள் சைக்கிள்காரர் ஒருவர் ஆலை வாசலில் வந்து நின்றார். அவர் சைக்கிளை ஓட்டி வரவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார் என்று சொல்வார்கள். அதில் இருந்தது டன்லப் டயர். பெல்பாஸ்ட் நகரத்து மாட்டு வைத்தியர் டன்லப், மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து, 1888-ல் உரிமை பெற்றிருந்தார். (அவருக்கும் முன்னால் 1845-லேயே தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இதே யோசனைக்கு உரிமை வாங்கி வைத்திருந்தார். பாவம், அப்போது உலகத்தில் அதைக் கேட்பாரில்லை.)

டன்லப் டயர் மெத்தை போல ஓடும். ஆனால் பஞ்சரானால் தீர்ந்தது. டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரித்து, ஒட்டி, மறுபடி சக்கரத்தில் பொருத்த மூன்று மணி நேரம். பசை காய ஓர் இரவு. மறுநாள் காலை எடுவாரே அந்தச் சைக்கிளில் ஏறிப் பார்த்தார். சில நூறு கஜம் போவதற்குள் டயர் மறுபடி உட்கார்ந்துவிட்டது.

வேறொருவராக இருந்தால் இது உதவாது என்று தள்ளியிருப்பார். எடுவார் இரண்டு விஷயங்களைக் கண்டார். காற்றின்மேல் ஓடும் சுகத்தை ஒருமுறை அறிந்தவன் கட்டை ரப்பருக்குத் திரும்ப மாட்டான். அதே சமயம், சொந்தக்காரன் தானே நடுவழியில் கழற்றி மாட்ட முடியாத டயர் எத்தனை நல்லதானாலும் பிரயோஜனமில்லை. இன்று நாம் கடையில் நின்று பழைய டயரைக் கழற்றிப் புது டயரை மாட்டச் சொல்கிறோமே, 'மாற்று டயர்' என்ற எண்ணம் அந்தக் காலையில் பிறந்ததுதான்.

1891-ல் பசையில்லாமல் கழற்றி மாட்டும் டயருக்கு அவர் உரிமை பெற்றார். பஞ்சரை ஒட்டக் கால் மணி நேரம் போதும். அந்த வருஷம் செப்டம்பரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம். சுமார் 1,200 கிலோ மீட்டர். ஷார்ல் தெரோன் என்ற வீரரை மிச்செலின் சகோதரர்கள் தங்கள் டயரில் ஓடச் சம்மதிக்க வைத்தார்கள். அவருக்கும் பஞ்சர் ஆயிற்று. ஆனால் ஒட்டிக்கொண்டு ஓடினார். இரவு பகலாக 71 மணி நேரத்துக்கு மேல் மிதித்து, அடுத்தவருக்குச் சுமார் எட்டு மணி நேரம் முன்னதாகப் பாரிஸ் வந்து சேர்ந்தார். அவ்வளவுதான், கிளெர்மோனுக்கு ஆர்டர்கள் குவிந்தன.

மறு வருஷம் சகோதரர்களே பாரிஸிலிருந்து கிளெர்மோன் வரை ஒரு பந்தயம் நடத்தினார்கள். அதிலே ஒரு குறும்பு. பாதையில் ஆணிகளைப் போட்டு வைத்தார்கள்! பஞ்சரானால்தானே எவ்வளவு சீக்கிரம் சரி செய்யலாம் என்று ஊருக்குத் தெரியும்? இந்த மாதிரி விளம்பரத்தை யாரும் இந்தக் காலத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

மின்னல் என்ற கார்

சைக்கிளுக்குச் சரி, மோட்டாருக்கு? காரின் பளுவைக் காற்று எங்கே தாங்கும் என்று நிபுணர்கள் சிரித்தார்கள். 1895-ல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயம் வந்தது. காற்று டயர் போட்டு ஓட்ட யாரும் துணியவில்லை. ஓவியரும் இஞ்சினீயரும் தாங்களே ஒரு காரைச் சேர்த்து அமைத்துக்கொண்டு கிளம்பினார்கள். 'மின்னல்' என்று அதற்குப் பெயர். வேகத்தினால் வந்த பெயர் அல்ல. ஸ்டியரிங் சரியில்லாமல் மின்னல் போல் வளைந்து வளைந்து ஓடியதால் வந்த பெயர். எடுத்துப் போன 22 மாற்று டியூபும் வழியிலேயே தீர்ந்தன. முதலில் வந்த கார் 48 மணிச் சொச்சத்தில் ஊர் சேர்ந்தது. மின்னல் மிகவும் பின்தங்கித்தான் வந்தது. ஆனாலும் வந்தது. நாலே வருஷத்தில், 1899-ல், ஜெனாட்ஸி என்ற பெல்ஜியக்காரர் மின்சாரக் காரில் முதன்முதலாக மணிக்கு 100 கிலோ மீட்டரைத் தாண்டினார். அவர் காரில் இருந்தவை மிச்செலின் டயர்கள். சிரித்தவர்கள் பேச்சை மாற்றிக்கொண்டார்கள்.

எடுவாரின் ஓவியக் கண் செத்துவிடவில்லை. 1894-ல் லியோன் நகரத்துப் பொருட்காட்சியில் தங்கள் கடை வாசலில் அடுக்கிய டயர்களைப் பார்த்தவர், இதற்குக் கையிருந்தால் மனிதன் போலிருக்குமே என்று அண்ணனிடம் சொன்னார். அதுதான் 1898-ல் ஓகலோ என்ற சித்திரக்காரர் கைவண்ணத்தில் உலகமறிந்த டயர் பொம்மை மனிதனாக வந்து நின்றது. பாரிஸிலிருந்து விளம்பர வேலைகளைக் கவனித்தவர் ஆந்திரே. 1900-ல் கார்காரர்களுக்கு இலவசமாக 35,000 பிரதிகள் அச்சிட்டுக் கொடுத்த வழிகாட்டிப் புத்தகமும் அவர் யோசனையே. இன்று ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுத்து உலகத்து சமையற்காரர்களை நடுங்க வைப்பது அந்தப் புத்தகம்தான். முதற் பதிப்பில் முக்கியமாக இருந்தது சாப்பாடு அல்ல. டயர் மாற்றும் விதம்.

1906-ல் லெ மான் நகரில் நடந்த முதல் கிராண்ட் பிரி பந்தயத்தில் ரெனோ கார் வென்றதற்கு மிச்செலினின் கழற்றும் விளிம்பு பெரிய காரணம். டயரோடு விளிம்பையும் சேர்த்து நாலே நிமிஷத்தில் மாற்றினார்கள். மற்றவர்கள் வெயிலில் கத்தியால் டயரை அறுத்துக்கொண்டிருந்தார்கள். 1914-ல் உலக யுத்தம் வந்ததும் சகோதரர்கள் 100 விமானங்களைச் சர்க்காருக்கு இலவசமாகச் செய்து தருவதாகச் சொல்லிச் செய்து கொடுத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் ஏறத்தாழ 1,900 விமானங்கள் கிளெர்மோனிலிருந்து பறந்தன.

எடுவார் எப்படிப்பட்ட முதலாளி? இதில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. தொழிலாளருக்கு வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினார். பிள்ளைகுட்டிக்காரர்களுக்குத் தனிப்படி 1916-லேயே கொடுத்தார். குடியிருப்பின் தெருக்களுக்குத் தைரியம், நம்பிக்கை என்று நற்குணங்களின் பெயர்களை வைத்தார்கள். ஆனால் பிறந்த வீடும், படித்த பள்ளியும், வாங்கும் கூலியும் ஒரே கையிலிருந்து வருமானால் அந்தக் கையை எதிர்த்து மனிதன் எப்படிப் பேசுவான்? 1936-ல் பிரான்ஸ் முழுதும் வேலை நிறுத்தம் மூண்டபோது அந்த ஆலையும் தப்பவில்லை. தயாள குணத்தையும் அதிகாரத்தையும் அவர் வேறு வேறாக நினைத்ததில்லை என்றே தோன்றுகிறது. விளம்பரத்தில் உலகையே கலக்கிய கம்பெனியின் தலைவர், தாம் மட்டும் வெளிச்சத்துக்கு வராமல், ஆலையின் ரகசியங்களைப் பெட்டியில் பூட்டிக் காத்தார்.

புத்திர சோகம்

1931-ல் அண்ணன் போனார். 1932-ல் மூத்த மகன் எத்தியேன் தானே ஓட்டிய விமானம் கிளெர்மோன் அருகே விழுந்து இறந்தார். கடனில் மூழ்கிய சித்ரோவன் கார்க் கம்பெனியை மிச்செலின் கைப்பற்றியதும் இளைய மகன் பியேரை அதற்குத் தலைவராக அனுப்பினார்கள். நொடித்த கம்பெனியை நிமிர்த்திக்கொண்டிருந்த பியேர், 1937 டிசம்பர் கடைசியில் பாரிஸுக்கும் கிளெர்மோனுக்கும் இடையே சாலை விபத்தில் மாண்டார். சாலைப் பிரயாணத்தைச் சுகமாக்குவதற்கே வாழ்நாளைக் கொடுத்தவருக்குச் சாலையில் இப்படி ஒரு நஷ்டம். அப்போது கிழவருக்கு வயது 78. மறுபடி ஆலைக்குப் போனார்.

அந்தக் கடைசிக் காலத்தில்தான் நமது கடைக்காரரின் எண் உருவாகத் தொடங்கியது. 1937-ல் 'பிலோத்' என்ற டயரை மிச்செலின் வெளியிட்டது. அகலத்தைக் காட்டிலும் உயரம் குறைந்த டயர் அது. வளைவில் கார் சாயாமல் நிற்கும். இன்றைய சொகுசுக் கார்களின் தாழ்ந்த டயருக்கு அதுவே முன்னோடி. கணக்கு எளிது. 225/55, 17 அங்குலச் சக்கரம் உள்ள காருக்கு 245/40, 19 அங்குலம் போட்டாலும் மொத்தக் குறுக்களவு 679 மில்லிமீட்டர் அளவிலேயே நிற்கும். வேகமானி பொய் சொல்லாது. சக்கரம் வளர்ந்த அளவுக்கு ரப்பர் குறைந்திருக்கும். ஆனால் பக்கவாட்டு ரப்பர் 124-லிருந்து 98 மில்லிமீட்டராகிவிடுகிறது. பள்ளத்தில் விழுந்தால் அடி நேரே விளிம்புக்கு. நம் ரோடுகளில் பெரிய சக்கரத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை யோசித்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: அளவுக்குப் பின்னால் வரும் எண் பளுவைக் குறிப்பது. 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும். 98 என்றால் 750 கிலோ. கார்க் கம்பெனி சொன்னதற்குக் குறைந்ததை, விலை மலிவென்று மாட்டக் கூடாது. நாலு இலக்கத்தில் தயாரான வாரமும் வருஷமும் இருக்கும். 1224 என்றால் 2024-ம் வருஷத்துப் பன்னிரண்டாவது வாரம்.

மரியுஸ் மிஞோல் என்பவர் அச்சுக்கூட வேலைக்காக ஆலையில் சேர்ந்தவர். அவருடைய கணக்கு மூளையைக் கண்டுகொண்டு ஆராய்ச்சிப் பகுதிக்கு மாற்றியவர் எடுவார்தான் என்று சொல்வார்கள். டயர் ஏன் சூடேறுகிறது என்று பார்க்க மிஞோல் ஒரு விசித்திர டயரைச் செய்தார். குறுக்கும் நெடுக்குமாக இருந்த நூல் அடுக்குகளை எடுத்துவிட்டு, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக உலோகக் கம்பிகளை இடைவெளி விட்டு வைத்தார். ஈப் பிடிக்கும் கூண்டு போலிருந்ததால் ஆலையில் அதற்கு ஈக்கூண்டு என்றே பெயர். அது சூடேறவில்லை.

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மானியரிடம் வீழ்ந்தது. ஆகஸ்ட் 25-ம் தேதி எடுவார் தமது 81-வது வயதில் கண்ணை மூடினார். அண்ணன் மகன் மார்செல், எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்ததற்காகப் பிடிபட்டு, 1945-ல் நாஜி முகாமில் உயிர்விட்டார். ஈக்கூண்டின் சூட்சுமத்தைக் கம்பெனி யுத்தம் முழுதும் மறைத்து வைத்து, 1946 ஜூன் 4-ம் தேதி உரிமைக்கு விண்ணப்பித்தது. 1949-ல் அந்த டயர் கடைக்கு வந்தது. ரேடியல் என்ற அந்த முறையின் முதல் எழுத்துத்தான் எண்களுக்கு நடுவே நிற்கும் 'ஆர்'.

விமான விபத்தில் இறந்த எத்தியேனின் மகன் பிரான்சுவா, தகப்பனை இழந்தபோது ஆறு வயதுச் சிறுவன். 1955-ல் அவர் ஆலைப் பொறுப்பை ஏற்று, நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தி ரேடியலை உலகமெங்கும் கொண்டுபோனார். நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையிலும் ஓர் ஆலை இருக்கிறது. அங்கே லாரிகளுக்கும் பஸ்களுக்கும் ரேடியல் டயர்கள் தயாராகின்றன.