குப்பியில் ஒரு பெயர்

நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி நடக்கும் பல லேபுகளில் 'ஃபிராய்ண்ட்' என்று லேபிள் ஒட்டிய குப்பி ஒன்று இருக்கும். மனோதத்துவ மேதை ஃபிராய்டோ என்று நானும் முதலில் குழம்பினேன். இவர் வேறு. ஜூல்ஸ் ஃபிராய்ண்ட். 1890-ல் புடாபெஸ்டில் பிறந்து, முதல் உலகப் போரில் ராணுவ டாக்டராக இருந்து, பின்பு அமெரிக்கா போய்ச் சேர்ந்தவர்.

காசநோய் பீடித்த கினிப்பன்றிக்கு வேறொரு புரதத்தை ஊசி போட்டால் எதிர்ப்பு பலமாகக் கிளம்பும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். கிருமியைக் கொன்று சேர்த்தாலும் அந்தப் பலம் கிடைக்குமா? 1937 முதல் இதையே பிடித்துக்கொண்டார் ஃபிராய்ண்ட்.

வழி என்னவோ நம்ம கெமிக்கல் லேப் சமாச்சாரம்தான். பாரஃபின் எண்ணெயில் செத்த காசநோய்க் கிருமி, நீரில் புரதம். இரண்டையும் எமல்சிஃபையர் போட்டுக் கலக்கினால் வெண்ணெய் மாதிரி கெட்டியாகும். ஒரு சொட்டைத் தண்ணியில விட்டா பரவாம நிக்கணும், அதுதான் பதம். எண்ணெய் புரதத்தை மெல்ல மெல்லக் கசியவிடும். கிருமியின் செல் சுவரோ உடம்பின் காவல்காரர்களை உசுப்பிவிடும்.

உசுப்பியது கொஞ்சநஞ்சமல்ல! ஊசி போட்ட இடத்தில் கட்டி, ஆறாத புண். 1947-ல் மூளைத் திசுவை இதில் கலந்து ஒரே ஒரு ஊசி போட்டார்கள். கினிப்பன்றியின் உடம்பு தன் மூளையையே தாக்கியது. நரம்பு நோய்களைப் புரிந்துகொள்ள இது பெரிய வாசல்தான். ஆனால் மனுஷனுக்குப் போட முடியுமா? கிருமி சேர்க்காத வெறும் எண்ணெய்க் கலவையை 1950-களில் அமெரிக்க ராணுவத்தினருக்கு ஃப்ளூ தடுப்பூசியோடு போட்டுப் பார்த்தார்கள். அதிலும் சிலருக்குக் கட்டி வந்தது.

தடுப்பூசிக்குப் பலம் கூட்டிய மனுஷன் பெயரில் மனிதனுக்கு ஆகாத மருந்து! படித்தபோது எனக்குச் சங்கடமாகவே இருந்தது. 1959-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. மறு வருஷமே காலமானார்.

அந்தச் சுவரில் எந்தத் துண்டு வேலை செய்கிறது என்பதை 1974-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். முராமில் டைபெப்டைடு என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு அது. பிறகு சால்மொனெல்லா கிருமியின் வெளிச்சுவரிலிருந்து நஞ்சு குறைத்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருள் மனிதத் தடுப்பூசிக்குள்ளேயே நுழைந்தது. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்ற அக்கித் தடுப்பூசியில் அது இருக்கிறது. நம்ம ஊரில் காவி குழைத்து எழுதுவார்களே, அதே அக்கிக்குத்தான்.