மூலம் காட்டிய மூதறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை

தமிழ் ஆராய்ச்சி உலகில் புகழப்பெற்றோர் பலர். இகழப்பெற்றோரும் சிலர் உளர். இகழ்ந்தவர்களும் தம் நூலைக் கையில் வைத்துக்கொண்டே இகழவேண்டிய நிலையை ஏற்படுத்திச் சென்றவர் பேராசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை அவர்கள். ஆய்வேடு எழுதத் தொடங்கும் நம் மாணவர்கள், மேற்கோளை எவ்வாறு குறிப்பது, அடிக்குறிப்பில் எவற்றைத் தருவது என ஆண்டுதோறும் கேட்டு வருகின்றனர். விதிகளைப் பட்டியலிட்டுக் கொடுப்பதினும், அவ்விதிகளைத் தம் தொழிலாகவே கொண்டிருந்த ஒருவரின் வரலாற்றைக் கூறுவது பயன் தரும் எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானேன்.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சிக்கநரசய்யன் கிராமம் என்னும் சிற்றூரில் 1891ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12ஆம் நாள் இவர் பிறந்தார். பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணியம் அச்சேறிய ஆண்டும் அதுவே. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் பயின்று, பின் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதன்பின் அவர் நாடியது தமிழாசிரியப் பணியை அன்று, சட்டத்தை. திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று அங்கேயே சில ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தார். பின்னர்த் திருநெல்வேலியில் தொழிலை நடத்தினார்.

நாஞ்சில் நாட்டாராகிய நமக்கு இவரோடு உறவு ஏற்படுவது இக்காலத்தில்தான். கன்னியாகுமரி மாவட்டம் அந்நாளில் திருவிதாங்கூரின் ஒரு பகுதி. தேரூரிற் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையும், வரலாற்று ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கே. என். சிவராஜ பிள்ளையும் இவருக்கு நண்பர்களாயினர். கவிமணியைக் குழந்தைப் பாடல்களின் ஆசிரியராகவே பலரும் அறிவர். அவர் காந்தளூர்ச் சாலை பற்றிக் கல்வெட்டுச் சான்றுகளோடு நூல் எழுதிய ஆராய்ச்சியாளர் என்பதை நம் மாவட்டத்திலேயே மறந்துவருகிறோம். வாய்வழிச் செய்தியைக் கல்லில் எழுதியதோடு ஒத்துப் பார்ப்பவர்கள் அந்நண்பர்கள். அவர்களிடையே அமர்ந்து பேசிய வழக்கறிஞர், ஆவணமின்றி வழக்காட இயலாது என்னும் நீதிமன்றப் பாடத்தை இலக்கியத்திற்கும் கொண்டுவந்தார் என்பது என் கருத்து. 1922இல் மனோன்மணியத்தை அவர் பதிப்பித்து வெளியிட்டார்.

1926ஆம் ஆண்டு இவர் வாழ்வின் திருப்பம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் பொறுப்பு இவரை வந்தடைந்தது. அவ்வகராதிப் பணி 1913இல் சாண்ட்லர் என்னும் அமெரிக்கப் பாதிரியாரின் தலைமையில் தொடங்கியது. முதற்பகுதி 1924இல் வெளிவந்தது. மு. இராகவையங்கார் அங்கே தலைமைப் பண்டிதராக இருந்தார். வேலை ஊர்ந்துகொண்டிருந்தது. வையாபுரிப் பிள்ளை பொறுப்பேற்றபின் பத்தாண்டுகளில், 1936இல், ஆறு தொகுதிகளும் நிறைவுற்றன. இணைப்புத் தொகுதி பின்னர் வந்தது. இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்கள். இப்பணிக்காக அரசு இவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கிற்று.

அவ்வகராதியின் ஒரு பக்கத்தையேனும் மாணவர்கள் நிதானமாகப் பார்க்கவேண்டும். சொல், அதன் ஒலிபெயர்ப்பு, இலக்கண வகை, பிறப்பு, வரிசை எண்ணிட்ட பொருள்கள் ஆகியன இருக்கும். அவற்றினும் சிறந்தது பொருளை அடுத்து வரும் சான்று. இலக்கியத்திலிருந்து ஒரு தொடர். உடனே அடைப்புக்குறிக்குள் நூற்பெயரின் சுருக்கம், அதனையடுத்துப் பாடல் எண். குறளாயின் குறள் எண். புறநானூறாயின் பாட்டின் எண். கம்பராமாயணமாயின் படலத்தின் பெயரும் செய்யுள் எண்ணும். சான்று உரையிலிருந்து எடுத்ததாயின் உரை என்ற குறிப்பும் உண்டு. மூலத்தில் உள்ளதை உரையாசிரியர் தலையில் கட்டுவதும், உரையாசிரியர் சொன்னதை மூலத்தில் ஏற்றுவதும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. நம் மாணவர் ஆய்வேடுகளில் அடிக்கடி நேரும் பிழை இதுவே: பரிமேலழகர் சொன்னதை வள்ளுவர் சொன்னதாக எழுதிவிடுகின்றனர்.

அங்கே பக்க எண் இல்லை என்பதையும் நோக்குக. பக்கம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பாடல் எண் பெரும்பாலும் மாறாது. மாறும் இடமும் உண்டு. கம்பனின் செய்யுள் எண்கள் பதிப்புதோறும் வேறுபடுவதை அறிவோம். எனவே பழைய இலக்கியத்திற்குப் பாடல் எண்ணோடு, பயன்படுத்திய பதிப்பையும் அதன் ஆண்டையும் நூற்பட்டியலில் தருதல் வேண்டும். இக்கால உரைநடை நூலுக்குப் பக்க எண் இன்றியமையாதது.

நூல்களில் ஏறாத சொற்களுக்கு என் செய்தார்கள்? அவற்றிற்கும் மூலம் காட்டினார்கள். எந்த வட்டாரத்தில் வழங்குகிறதோ அவ்வட்டாரத்தின் பெயரைச் சுருக்கி எழுதினார்கள். யாழ்ப்பாணத்திற்கு ஒரு குறி, திருநெல்வேலிக்கு ஒரு குறி. நாஞ்சில் நாட்டுக்கும் 'நாஞ்.' என்றொரு தனிக் குறி உண்டு. முஸ்லிம்கள் வழக்குச் சொற்களுக்கும் தனிக் குறி இட்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பேசிய சொல் பல்கலைக்கழக அகராதியில் தன் ஊர்ப் பெயரோடும் சமூகப் பெயரோடும் அமர்ந்திருப்பதை முதன்முதற் கண்டபோது நான் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுச் சொற்களை ஆராய்வோர்க்கும் அங்கே வழியுண்டு. திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசை தொகுதி எண்ணுடன் அவ்வகராதியிற் குறிக்கப்படுகிறது.

சொன்னது யார், அவர் யாரிடம் கேட்டார் என்று சங்கிலியாகக் காட்டாமல் ஒரு செய்தியை ஏற்பதில்லை என்னும் கட்டுப்பாடு ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்ற பெயரால் நிலவுவதைச் சமுதாயப் பெரியவர்கள் அறிவர். அறிவிப்பாளர் வரிசையில் ஒருவர் விடுபட்டாலும் செய்தியின் தரம் குறைந்துவிடும். ஆய்வேட்டின் அடிக்குறிப்பும் அவ்வினத்ததே.

இதனை நான் பட்டே உணர்ந்தேன். எம்.ஃபில். ஆய்வேட்டில் ஒரு புறநானூற்றுப் பாடலை, மூல நூலைப் புரட்டாமல், ஒரு திறனாய்வு நூலில் இருந்தபடியே எடுத்து, மூலத்தையே பார்த்ததுபோல் எண்ணையும் இட்டுவிட்டேன். அந்த எண் தவறு. வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நூலை என்னிடம் நீட்டி அப்பாடலைக் காட்டச் சொன்னார். நான் புரட்டிக்கொண்டே இருந்தேன். பிறர் நூலில் கண்டதைப் பிறர் நூலில் கண்டதாகவே குறித்திருந்தால் அந்தத் தவறு எனதாகியிராது.

அகராதி முடிந்த 1936இலேயே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகி, 1946 வரை பணியாற்றினார். பல நிகண்டுகளை ஏட்டுச் சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தார். பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் புலவர் வாரியாக அடங்கிய சங்க இலக்கியப் பதிப்பு, சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வெளியீடாக 1940இல் இவரது மேற்பார்வையில் வந்தது. ராஜி என்றொரு நாவலும் எழுதினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இவர் பதிப்புகளுள் புறத்திரட்டைத் தனியே சொல்லவேண்டும். பழைய நூல்கள் பலவற்றிலிருந்து செய்யுள்களைப் பொருள்வாரியாகத் திரட்டிய நூல் அது. திரட்டியவர் பெயர் தெரியவில்லை. ஆனால் அப்பெயரறியாப் பெரியார் செய்யுள்களைத் தொகுத்ததோடு நில்லாது, அவை எந்நூலைச் சேர்ந்தவை என்பதையும் குறித்துவைத்தார். பிற்காலத்தில் மூலநூல்கள் சில அழிந்தன. முத்தொள்ளாயிரம் இன்று முழுமையாக இல்லை. கிடைத்துள்ள செய்யுள்களுள் பெரும்பாலானவற்றைக் காத்துத் தந்தது புறத்திரட்டே. தகடூர் யாத்திரையின் பாடல்கள் சில நமக்குக் கிட்டியமைக்கும் அதுவே காரணம். தம் பெயரை எழுத மறந்தவர், தாம் எடுத்தாண்ட நூலின் பெயரை எழுத மறக்கவில்லை! அக்குறிப்புகள் இல்லையேல் அச்செய்யுள்கள் உரிமையாளர் அற்ற தனிப்பாடல்களாய்ப் போயிருக்கும்.

இனி, இவர் இகழப்பெற்றமைக்கு வருவோம். தொல்காப்பியம், திருக்குறள், சிலப்பதிகாரம் ஆகியவற்றின் காலத்தை இவர் மிகவும் பின்னுக்குத் தள்ளினார். சிலப்பதிகாரத்தை எட்டாம் நூற்றாண்டு அளவில் வைத்தார். சொல்லாட்சிகளையும் வடமொழிக் கலப்பையும் இதற்குக் காரணமாகக் காட்டினார். தமிழறிஞர் பலர் கொதித்தெழுந்தனர். தமிழ்ப் பகைவர் என்ற பழிச்சொல்லும் இவரைத் தொடர்ந்தது. அகராதியின் சொற்பிறப்புகளைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். என் அளவில், காலக் கணிப்புகளில் இவரை நான் பின்பற்றுவதில்லை. ஒரு சொல் பிற்காலத் தன்மையது என்பதால் நூல் முழுதும் பிற்காலத்தது ஆகாது, இடைச்செருகலும் இருக்கலாமன்றோ? தமிழகத்தில் எழுத்தின் பழமையும் இவர் காலத்தில் அறியப்பட்டதைவிட மிகவும் முன்னே சென்றுவிட்டது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி அறிக்கை, அவ்விடத்தின் கீழ் அடுக்கைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்கிறது.

எனினும் ஒன்று. இவரை மறுப்பவர் எவரும் இவர் காட்டிய இடத்திற்குச் சென்று, அச்சொல்லைப் பார்த்து, இவர் கொண்ட பொருள் பொருந்தாது எனக் காட்டி மறுக்க முடிகிறது. மூலத்தை மறைத்திருந்தால் மறுப்புக்கும் இடமிராது. மேடையில் பேசி மறைந்த எத்தனையோ கொள்கைகளை இன்று மறுக்கவும் ஆளில்லை, ஏற்கவும் ஆளில்லை.

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கருத்துத் திருட்டுக்கு எதிராக விதிகளை வகுத்தது. ஒப்புமை பத்து விழுக்காட்டைக் கடந்தால் ஆய்வேட்டைத் திருத்தி மீண்டும் அளிக்கவேண்டும். அறுபதைக் கடந்தால் பதிவே நீக்கப்படும். மாணவர்கள் இந்த எண்ணுக்கு அஞ்சிச் சொற்களை மாற்றி எழுதுகின்றனர், மூலத்தைக் குறிப்பதில்லை. சொல்லை மாற்றினாலும் கருத்து பிறருடையதே என்பதைக் கணிப்பொறி கண்டுகொள்ளாமல் போகலாம்.

வையாபுரிப் பிள்ளை 1951இல் மீண்டும் திருவனந்தபுரத்திற்கு வந்து, திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைப் பொறுப்பை ஏற்று 1954 வரை இருந்தார். வழக்கறிஞராகப் பிரிந்த ஊருக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அந்த 1954இலேயே செப்டம்பரில் கவிமணி மறைந்தார். தமிழ்மொழி, இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதிய இவரது நூல் 1956இல் வெளிவந்தது. அவ்வாண்டு பிப்ரவரி 17ஆம் நாள் இவர் காலமானார். கன்னியாகுமரி தமிழகத்தோடு இணைந்த நவம்பர் முதல் நாளைக் காண இவர் இல்லை.

இவர் சேர்த்துவைத்திருந்த அச்சு நூல்களும் சுவடிகளும் கல்கத்தா தேசிய நூலகத்தைச் சென்றடைந்தன. இவர் பெயரிலேயே ஒரு தனித் தொகுப்பாக அவை அங்கே வைக்கப்பட்டுள்ளன.